மாப்பிள்ளையின் சகலை

அந்த வீட்டில் குரங்கு என்று ஒன்று கிடையாது. கொழுந்தனார்கள்தான் உண்டு. ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கி வாழைத்தாரையே இழுத்துக்கொண்டு ஓடினாலும், "கொழுந்தனாருங்க வந்திருக்காங்க, சோத்துப் பானைய மூடி வைங்க" என்றுதான் அக்கா குரல் கொடுப்பார். புருஷன் வீட்டுப் பையன்கள் தின்பார்கள், உடைப்பார்கள், நாம் ஒரு சொல் சொல்ல முடியாது என்பது அவர் கணக்கு. மூடுபனி அவருக்கு நாத்தனார். தட்டாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, அலமாரி வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஈரமாக்கிவிட்டுப் போகிறவள். கரண்ட் போனால் பெரிய மாமனார் வந்துவிட்டார் என்று அர்த்தம். வீடு சட்டென்று அடங்கிவிடுகிறதல்லவா, அதனால். மலைக்குக் கீழே காய்கிற சேலத்து வெயில் சம்பந்தி. "எப்பவாச்சும் போயி மொகத்தக் காட்டிப்போட்டு வந்தரோணுமுங்க. அங்கியே உக்காந்துக்க முடியுங்களா?" என்பார்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற நாற்சந்திக்குப் பின்னால் ஒரு சந்தில் அக்கா மெஸ் நடத்தினார். நாலு மேசை, ஒரு சமையற்கட்டு, அதற்குப் பின்னால் அவர்கள் குடியிருக்கும் இரண்டு அறை, அவ்வளவுதான். நான் பக்கத்து லாட்ஜில் மேனேஜர். கொரோனா அடங்கி லாட்ஜ்கள் மறுபடி நிரம்பத் தொடங்கிய சமயத்தில் ஆத்தூரிலிருந்து மலையேறி வந்தேன். ஒண்டிக்கட்டை, சமைக்கப் பொறுமையும் கிடையாது, அதனால் மூன்று வேளையும் அங்கேதான்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர் தெருக்காரர்களுக்கே யாரென்று தெரியாது. அக்கா, அத்தை, சின்னம்மா, மதினி என்று ஊரே அவரை முறை சொல்லித்தான் கூப்பிட்டது. அது அவராகப் பிடித்துவைத்த பழக்கம். முதல் நாள் நான் போய் உட்கார்ந்ததும் இலையைப் போட்டுவிட்டு என்னையும் அளந்து பார்த்தார்.

"ஏனுங் கண்ணு, நீ எனக்கு என்ன மொற ஆவோணும்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. சொந்தபந்தத்திடம் பட்டது போதும் என்றுதான் நான் மலைக்கே வந்திருந்தேன். "எந்த மொறையும் வேண்டாங்க. சாப்பாடு போட்டாப் போதும்" என்றேன்.

"செரி, அப்ப மேனேஜரம்மா" என்று ஒரு கரண்டி ரசத்தைக் கூடுதலாக ஊற்றினார். அதுவும் ஒரு முறையாகிவிட்டது. அடுத்த வாரமே, "மேனேஜரம்மாவுக்குத் தலவலி, சுக்கு தட்டிப் போடுங்க" என்று என்னைப் பற்றி உள்ளே உத்தரவு பறந்துகொண்டிருந்தது. அவரிடமிருந்து தப்பிக்க முடியாது.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டேன், இது என்ன பைத்தியக்காரத்தனம், குரங்குக்கும் பனிக்கும் எதற்கு உறவு என்று. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மொற வெச்சுட்டமுன்னா வெரட்டோணுங்கற நெனப்பு போயிருமுங்க. பொறகு எப்படிச் சமாளிக்கறதுங்கறது மட்டுந்தான் பாக்கி. பாதிப் பாரம் கொறஞ்சிருமல்லோ?"

எனக்கு அது சரியாகப் படவில்லை.

மாப்பிள்ளை எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்தவர். அக்காவுக்கு ஒரே ஒரு பிள்ளை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பெண் பிள்ளை கிடையாது. அப்புறம் எங்கிருந்து மாப்பிள்ளை என்று கேட்கிறீர்களா? அக்காவுக்கு விடாத காய்ச்சல், விரல் கணுவெல்லாம் வீக்கம், வெயில் பட்டால் இரண்டு கன்னமும் சிவந்து தடித்துப் போவது என்று அலைக்கழித்து, கடைசியில் சேலத்தில் ஒரு மூட்டு டாக்டர் அதற்கு லூபஸ் என்று பெயர் சொன்னார். கிருமிகளை அடிக்க வேண்டிய காவல்படை ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கிற நோய். மூட்டு, தோல், ரத்தக்குழாய் என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். அடியோடு போக்க மருந்து இல்லை, அடக்கி வைக்கத்தான் மருந்து என்றாராம் டாக்டர்.

மலையேறி வந்த பஸ்ஸிலேயே அக்கா முடிவு செய்துவிட்டார். "கூப்புடாம வந்திருக்காரு, போகவும் மாட்டாராம், நேரா நேரத்துக்குக் கவனிக்கலீனா கோவிச்சுக்குவாராம். மாப்பிள்ளதானுங்க இது!"

அன்றிலிருந்து மாத்திரை விழுங்குவதற்கு மாப்பிள்ளை விருந்து என்று பெயர். வெயிலில் போகும்போது தலையையும் கையையும் மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். அது சம்பந்திக்கு முன்னால் முக்காடு போடுவதாகிவிட்டது. குளிர்ந்த காலையில் அவர் விரல் நுனிகள் ரத்தம் வற்றி வெளுத்து, அப்புறம் நீலம் பாரிக்கும். "மாப்பிள்ள சுண்ணாம்பு அடிச்சுட்டாரு பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு, வடித்த கஞ்சிப் பாத்திரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒரு முறை சென்னைக் குடும்பம் ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அக்கா சாம்பார் வாளியைத் தூக்க முடியாமல் தரையில் வைத்துவிட்டு, தன் வீட்டுக்காரரிடம், "நேத்துப் பூரா மாப்பிள்ள ரெண்டு கையவும் முறுக்கிப்போட்டாருங்க" என்றார். அந்தச் சென்னை அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கைகழுவிவிட்டு வந்து அக்காவை ஓரமாகக் கூட்டிப் போய், "பயப்படாதீங்கம்மா, போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுங்க. நான் வேணா கூட வரேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

"குடுக்கலாமுங்க, ஆனா ஆளு உள்ள இருக்காருங்களே, எப்படிங்க புடிப்பாங்க?" என்று அக்கா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் சிரித்துப் புரையேறி, ரைட்டர் அண்ணன் என் தலையைத் தட்டினார்.

ரைட்டர் அண்ணன் என்பது அக்காவின் வீட்டுக்காரர். ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கும் பறிப்புக் கணக்கும் பார்க்கிற ரைட்டர். பேச்சு குறைவு. அக்கா பேசுவதே இருவருக்கும் போதும் என்று விட்டுவிட்டவர் போலிருந்தார். விடிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டி, வெல்லம் போட்டு வரக்காப்பி வைத்து, அக்காவுக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுத்தான் எஸ்டேட்டுக்குக் கிளம்புவார். அவர்கள் வீட்டில் அவர் பேசிய பாஷை அந்தக் காப்பிதான்.

இப்படியிருந்த அக்கா அந்த மழைக்காலத்தில் மாறத் தொடங்கினார். ஒரு நாளில் வந்த மாற்றமில்லை, அதனால்தான் யாருக்கும் பிடிபடவில்லை. முகம் உப்பியது, மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை அப்படித்தான் செய்யும் என்றார்கள். முடி கொட்டியது, லூபஸுக்கு அது வழக்கம்தானே. குரல் தடித்துக் கரகரத்தது, பனி ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினார், மழை நாளில் யாருக்குத்தான் தூக்கம் வராது? எந்நேரமும் குளிர் குளிர் என்று ஸ்வெட்டருக்குள் சுருண்டுகொண்டார். ஏற்காட்டில் குளிர்கிறது என்று சொன்னால் யார் அதிசயப்படப் போகிறார்கள்? எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு தயாராக இருந்தது.

சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. சாப்பிட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நான் சும்மா இருக்கிற ஆளில்லை. "அக்கா, என்னுங்க இது, கடல் தண்ணியாட்டம் இருக்குது?" என்றேன். எப்போதும் பதிலுக்கு ஒரு குத்து வரும். அன்று, "அப்படியா?" என்றார். அதுவும் கொஞ்ச நேரம் கழித்து.

ஒரு நாள் மாலை நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஓட்டின்மேல் திடும்திடும் என்று சத்தம். ஒரு பெரிய கடுவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தக்காளிக் கூடையைக் கவிழ்த்தது. அக்கா முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் மெல்லத் திருப்பினார்.

"கொரங்கு வந்திருச்சு" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். குரங்காம்! ரைட்டர் அண்ணனைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. காய்ச்சலிலும் வலியிலும் விடாத பழக்கம் அது. அதுகூட அவர் கையைவிட்டுப் போய்விட்டதென்றால், ஆள் எங்கே?

மாப்பிள்ளை முற்றிவிட்டார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பிள்ளை போனில் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். இந்தக் குளிரும் அடுப்படி வேலையும்தான் அம்மாவைத் தின்கிறது, அடுத்த மழைக்குள் மெஸ்ஸை மூடிவிட்டு அம்மாவைத் திருப்பூருக்கு அழைத்துக்கொள்வேன் என்றான். நல்ல பிள்ளை, அவன் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் முன்பு இதே பேச்சை எடுத்தபோதெல்லாம், "ஒறவுக்காரங்க அத்தன பேரையும் உட்டுப்போட்டு நான் எங்க சாமி வாரது?" என்று அவன் வாயை அடைத்தவர் அக்கா. இந்தத் தடவை ரைட்டர் அண்ணன் விஷயத்தைச் சொன்னதும், "செரி" என்றார்.

பங்குனியில் டாக்டரைப் பார்க்க வேண்டிய முறை வந்தது. எஸ்டேட்டில் மிளகு பறிப்பு, ரைட்டர் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்க கொஞ்சம் கூடப் போயிட்டு வாரீங்களா?" என்று என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

ஏற்காட்டிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் ஒரு பழக்கம் உண்டு. ஏறும்போது எல்லோரும் ஸ்வெட்டரும் மப்ளருமாக ஏறுவார்கள். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழியும், காற்று மாறும். அடிவாரத்துக்குச் சில வளைவுகள் இருக்கும்போது யாராவது ஒருவர் முதலில் ஸ்வெட்டரைக் கழற்றுவார். உடனே பஸ் முழுக்கக் கையும் தலையும் துணிக்குள் சிக்கிக்கொண்டு துள்ளும். அடிவாரச் செக்போஸ்ட் வரும்போது ஒருவர் உடம்பிலும் கம்பளி இருக்காது. அக்காதான் எப்போதும் முதலில் கழற்றுகிறவர். "சம்பந்தி வந்துட்டாங்க, மரியாதையா இருங்க" என்று பஸ்ஸுக்கே சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொள்வார். நடத்துநருக்குக்கூட அந்த வசனம் மனப்பாடம்.

அன்று எல்லோரும் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். வியர்வை முதுகில் ஓடியது. அக்கா கழற்றவில்லை. ஸ்வெட்டரை இழுத்து மூடி, கை இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்திருந்தார். பங்குனி வெயில், சேலம், ஆள் குளிரில் நடுங்குகிறார்! இதற்கு மட்டும் என்னிடம் ஒரு சாக்கும் இல்லை.

டாக்டர் அறைக்குள் போனதும் அக்கா கேட்ட முதல் வார்த்தை, "அந்த ஃபேன நிறுத்துங்களே." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நன்றாகப் பார்த்தார். நடுத்தர வயதுப் பெண் டாக்டர், அவசரமே படாதவர்.

"இவங்க எப்பவும் இப்படித்தானா?" என்று என்னைக் கேட்டார்.

நான் பொரிந்து தள்ளிவிட்டேன். "இல்லீங்க டாக்டர். பஸ்ல பச்சக்கொழந்தைக்குக்கூட ஸ்வெட்டரக் கழட்டிட்டாங்க, இவங்க கழட்டலீங்க. குரங்கக் குரங்குன்னு சொல்றாங்க. சாம்பாருக்கு ரெண்டு தரம் உப்புப் போடறாங்க. செரிங்கறாங்க, எதச் சொன்னாலும் செரிங்கறாங்க." குரங்கு எப்படி வியாதியாகும் என்று டாக்டருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அக்காவின் கழுத்தில் விரல்களை வைத்து, எச்சில் விழுங்கச் சொன்னார். தோலைத் தடவிப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் துள்ளிவிட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்தது. ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் எங்களை மறுபடி உட்காரவைத்துப் பேசினார்.

"லூபஸ் அடங்கித்தாம்மா இருக்கு. இது வேற. தைராய்டு. கழுத்துல இருக்கிற அந்தச் சுரப்பியையும் உங்க உடம்பே தாக்க ஆரம்பிச்சிருக்கு. லூபஸ், முடக்குவாதம் மாதிரி இருக்கிறவங்களுக்கு இது மத்தவங்களவிட அதிகமா வரும். முதல்ல நாம பாத்தப்போ சரியாத்தான் இருந்துச்சு, அதுக்கப்புறம் வந்திருக்கு. குளிர், தூக்கம், மறதி, முகம் வீங்கறது எல்லாமே இதனாலதான் இருக்கணும். எல்லாத்தையும் லூபஸ் தலையிலயே கட்டிட்டோம்."

"முத்திருச்சுங்களா டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன்.

"பயப்படவே வேண்டாம். சுரப்பி தரவேண்டியத மாத்திரையா நாம குடுத்திடலாம். காலைல வெறும் வயித்துல ஒண்ணு. மெதுவாத்தான் தெரியும், ஆனா பழைய ஆளாயிடுவாங்க."

பழைய ஆளாயிடுவாங்க! அந்த டாக்டரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்காவோ ஏதோ ரேஷன் கடையில் அரிசி வந்த செய்தி கேட்பது மாதிரி உட்கார்ந்திருந்தார். திரும்பும் பஸ்ஸில் அவருக்குப் புரிந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை. எப்படியாவது அவருக்கு உறைக்க வேண்டுமே என்ற தவிப்பில், ஜென்மத்தில் செய்யாத ஒன்றை நான் செய்தேன்.

"அக்கா, மாப்பிள்ள தனியா இல்லீங்க. அவரோட சகலையவும் கூட்டியாந்து உக்காரவெச்சுட்டாரு."

சொல்லிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு வளைவு ஏறிய பிறகு, "சகலையா..." என்றார். உதடு ஒரு பக்கமாக லேசாக இழுத்தது. அதைச் சிரிப்பு என்று நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் நாங்கள் காத்திருந்தோம். சித்திரை போனது. கோடை விழாவுக்குக் கூட்டம் வந்து போனது, மெஸ்ஸில் பாதி நாள் அடுப்பு எரியவில்லை. வைகாசியில் டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருந்த நாளில் ரைட்டர் அண்ணனும் கூட வந்தார். அடிவாரம் வந்தது. அக்காவின் ஸ்வெட்டர் அக்காவின் மேலேயே இருந்தது. நானும் ரைட்டர் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ரத்தத்திலும் பெரிய மாற்றமில்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "மாத்திரைய விட்டுவிட்டுச் சாப்பிடறீங்களா?"

இதற்குப் பதில் சொல்ல ரைட்டர் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு நாளுகூட உடலீங்க. நானே கையில எடுத்துக் குடுக்கறனுங்க. விடிஞ்சதும், பல்லு வெளக்குனதும், வெறும் வயித்துல."

"எதோட குடுக்கறீங்க?"

"வரக்காப்பியோடதானுங்க."

டாக்டர் அவரையே பார்த்தார். "காப்பி குடிச்சா வெறும் வயிறு எப்படிங்க ஆகும்?"

இப்போது ரைட்டர் அண்ணன் விழித்தார், நானும் விழித்தேன். காப்பி எப்படி வயிற்றில் சேரும்? எங்கள் மலையில் காப்பி சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் காப்பி குடித்துவிட்டுத்தான் வருவோம், கேட்டால் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சத்தியமும் செய்வோம். மேலும் கேட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. எலும்புக்குக் கொடுத்திருந்த கால்சியம் மாத்திரையையும் அண்ணன் அதோடு சேர்த்தே கொடுத்திருக்கிறார். விருந்துக்கு வந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றை உட்காரவைத்து ஒன்றை நிற்கவைப்பதற்கு அவருக்கு மனம் வரவில்லையாம்.

டாக்டர் சிரித்துவிட்டார். கோபிக்கவில்லை. "காப்பியும் கால்சியமும் இந்த மாத்திரைய உடம்புல சேரவிடாது. தண்ணியோட மட்டும் குடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுக் காப்பி. கால்சியம் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல போகட்டும்." மகிழ்ச்சியில் நான் கிட்டத்தட்டக் கத்தினேன். "அண்ணா, சகலைக்குத் தனி எலை, மொதப் பந்தி!"

ரைட்டர் அண்ணன் மட்டும் வெளியே வந்து சுவரோடு நின்றுகொண்டார். அன்பாகக் கொடுத்த காப்பி இப்படிச் செய்துவிட்டதே என்று அவருக்கு. "நானே கெடுத்துப்போட்டனுங்களே" என்றார் தரையைப் பார்த்து. அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க, பஸ்ஸு போயிரும்" என்றார் மெதுவான அந்தக் கரகரத்த குரலில்.

மறுநாள் விடிகாலையில் லாட்ஜுக்குப் பால் வாங்கப் போனவள் சந்தில் எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் இருவரும் எதிரெதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரை போயாகிவிட்டது. அடுப்பில் காப்பி மணத்துக்கொண்டிருந்தது, டம்ளர்கள் காலியாக இருந்தன. "நீங்க குடிக்கலாமுல்லண்ணா?" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அக்கா குடிக்காமல் அவர் குடிக்க மாட்டாராம். காப்பித் தோட்டத்திலேயே தலை நரைத்த மனுஷன், காப்பி வாசனைக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தினமும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டிருந்தது. ஒரு தடவை நம்பினோம், ஒன்றும் ஆகவில்லை என்பது அவன் பேச்சு. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஆவணியில் டாக்டரைப் பார்க்க வருகிற அன்று அவன் திருப்பூரிலிருந்து நேராகச் சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவான். டாக்டர் சொல்வதை அவனும் கேட்பான். அம்மாவின் துணிமணிகளை ஒரு பையில் எடுத்து வந்துவிட வேண்டும். சரியில்லை என்றால் அங்கிருந்தே கூட்டிப் போய்விடுவான்.

அந்த மாதங்களில் சில நாள் நம்பிக்கையாக இருக்கும். சாம்பாரில் உப்பு சரியாக விழும், குரல் கொஞ்சம் இளகியிருக்கும். ஆனால் அந்தப் பழைய பேச்சு மட்டும் வரவில்லை. கரண்ட் போனால் மெழுகுவத்தியைத் தேடினார், அவ்வளவுதான். பனி வந்தால் ஜன்னலைச் சாத்தினார். நான் வேண்டுமென்றே, "யாருங்க்கா வந்திருக்கறது?" என்று கேட்டுப் பார்ப்பேன். "பனிங்க" என்பார். உறவே வேண்டாம் என்று மலையேறினவள், ஒரு மனுஷி பனியை நாத்தனார் என்று சொல்ல மாட்டாளா என்று தவம் கிடந்தேன்.

ஆவணியில் கிளம்பினோம். அக்கா ஜன்னலோரம், நான் பக்கத்தில், எங்கள் பின் சீட்டில் ரைட்டர் அண்ணன். துணிப்பையை அவர் மேலே ஏற்றவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வளைவுகள் போய்க்கொண்டிருந்தன. மூங்கில் புதர்கள் வந்தன. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் சில வளைவுகள்தான். எனக்கே லேசாகக் கழுத்து கசகசத்தது. நான் ஸ்வெட்டரைத் தொடவில்லை. மற்றவர்களும் ஏனோ இன்னும் கழற்றத் தொடங்கவில்லை.

பக்கத்தில் அசைவு தெரிந்தது. அக்கா பொத்தான்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை சிக்கிக்கொண்டது. நான் உதவப் போகவில்லை. அவரே உருவி எடுத்தார். மேல் உதட்டில் வியர்வை பொடித்திருந்தது. முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குள் திரும்பி, குரலை உயர்த்தினார்.

"சம்பந்தி வந்துட்டாங்க! மரியாதையா இருங்க எல்லாரும்."

நடத்துநர் முன்னாலிருந்து, "வந்துட்டாங்களா அக்கா? எத்தன நாளாச்சு!" என்றார். பஸ் முழுக்கக் கைகளும் தலைகளும் துணிக்குள் சிக்கித் துள்ளத் தொடங்கின. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "என்னுங்க மேனேஜரம்மா, கண்ணுல தூசிங்களா?" என்று அக்கா என் விலாவில் இடித்தார். திரும்பிப் பார்த்தேன். ரைட்டர் அண்ணன் அந்தத் துணிப்பையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் பிள்ளை நின்றிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்தான். "எப்படிம்மா இருக்கே? பையக் குடு, நான் எடுத்துக்கறேன்" என்று கையை நீட்டினான். அக்கா தன் வீட்டுக்காரரின் கையிலிருந்த பையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு தன் தோளில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து அவன் நீட்டிய கையில் போட்டார்.

"இதப் புடி சாமி, தொலச்சுப்போடாத. சாயங்காலம் மேல ஏர்றப்ப வேணும். நாத்தனாரு காத்துட்டிருப்பாங்க."